கேட்டதும் கண்டதும்: ஒகினாவா ஆசான்களின் வாய்மொழியும் கல்முனைக் கரையின் அண்ணாவிமாரும்

1. கேள்வி

மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் இரண்டு தற்காப்பு மரபுகள் அருகருகே வாழ்கின்றன. ஒன்று, அண்ணாவிமார் எனப்படும் ஆசான்கள் வழியாக வந்த சிலம்படியும் சீனடியும். கலியாண ஊர்வலத்திலும் பெருநாள் விளையாட்டிலும் பொல்லுச் சுழற்றிக் காட்டப்பட்ட கலை அது. மற்றையது பிந்தி வந்த கராத்தே. பாடசாலை மண்டபங்களிலும் கழகக் கட்டடங்களிலும் வெள்ளை உடுப்புப் போட்ட பிள்ளைகள் ஜப்பானிய மொழியில் எண் சொல்லிக் குத்துப் பழகுகிறார்கள். வயதிலும் வந்த வழியிலும் வேறுபட்ட இவ்விரண்டுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இரண்டின் வரலாறும் பெரும்பாலும் தாளில் இல்லை. அறிய விரும்புபவர் ஒரு மூத்த ஆசானின் திண்ணையில் போய் உட்கார்ந்து கேட்டாக வேண்டும்.

அப்படிக் கேட்டுப் பெறும் பேச்சு எவ்வகைச் சான்று? எவ்வளவு தூரம் அதை நம்பி வரலாறு எழுதலாம்? இக்கட்டுரை ஆராய்வது இந்த ஒரு கேள்வியைத்தான்.

இதற்கு வழக்கில் இரண்டு விடைகள் உள்ளன. ஆசான் சொன்னது அப்படியே உண்மை என்பது ஒன்று. பயிற்சிக்கூடங்களில் நிலவுவது இதுவே. மற்றையது ஆய்வாளரின் ஐயம். எரிக் ஹொப்ஸ்போமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983இல் தொகுத்து வெளியிட்ட 'மரபின் புனைவு' பற்றிய நூலுக்குப் பின் இந்த ஐயம் வலுப்பெற்றது. தொன்மையானவை என நம்பப்படும் பல வழக்கங்கள் அண்மைக் காலத்தில் கட்டப்பட்டவை என்று அந்நூல் காட்டியது. இதே நோக்கில், கானோ ஜிகொரோ 1882இல் நிறுவிய கொடொகான் ஜூடோ எப்படி ஒரு நவீனக் கட்டமைப்பு என்பதை இனோவே ஷுன் விளக்கினார். கராத்தேக்கும் இது பொருந்துகிறது. வெள்ளை உடையும் தான் எனப்படும் தரநிலையும் ஜூடோவிலிருந்து வந்தவை. ஒகினாவாக் கராத்தே ஆசான் புனாகோஷி கிச்சின் தன் மாணவருக்கு முதன்முதலாகத் தான் தரம் வழங்கியது 1924இல். கராத்தேயின் கறுப்புப் பட்டிக்கு வயது நூறைச் சற்றுத் தாண்டியிருக்கிறது, அவ்வளவே.

இந்த ஐயம் நியாயமானது. ஆனால் அதையே பிடித்துக்கொண்டு ஆசானின் பேச்சு முழுவதையும் தள்ளிவிடுவது தவறு. வாய்மொழி வரலாறு பற்றி 1985இல் எழுதிய யான் வன்சினா, ஒருவர் தாமே கண்டு சொல்வதையும், தலைமுறைகள் தாண்டிக் கேட்டுச் சொல்வதையும் இரு வேறு சான்றுகளாகப் பிரித்தார். தற்காப்புக் கலைஞரின் பேச்சில் இவ்விரண்டும் ஒரே மூச்சில், ஒரே உறுதியோடு வரும். பிரித்தெடுப்பது கேட்பவரின் வேலை. கலையின் பிறப்பைப் பற்றி ஆசான் சொல்வது மிக நலிந்த சான்று. தான் யாரிடம், எப்படி, என்ன செய்து கற்றார் என்று அவர் சொல்வதோ வேறெங்கும் கிடைக்காத வலுவான சான்று. நம் கேள்விகளோ பெரும்பாலும் முதலாவதையே துரத்துகின்றன.

2. போதிதர்மரும் நிராயுதக் குடியானவரும்

தமிழ் பேசும் கராத்தே உலகில் அதிகம் சொல்லப்படும் பிறப்புக் கதை போதிதர்மருடையது. காஞ்சிபுரத்து இளவரசர் சீனா சென்றார், ஷாவொலின் மடத்தில் துறவிகளுக்குச் சண்டைக் கலை கற்பித்தார், அதுவே ஒகினாவாவுக்குப் போய்க் கராத்தே ஆனது என்பது கதை. 2011இல் வந்த 'ஏழாம் அறிவு' திரைப்படம் இதைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனது.

ஆவணங்கள் என்ன சொல்கின்றன? போதிதர்மரைக் குறிப்பிடும் மிகப் பழைய நூல் 547 அளவில் யாங் ஷுவான்சி லொயாங் நகரப் பௌத்த மடங்களைப் பற்றி எழுதியது. அது அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. அடுத்துத் தன்லின் என்பவரின் குறிப்பு, தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. இரண்டிலும் காஞ்சி இல்லை; குத்தும் உதையும் இல்லை. போதிதர்மரின் பெயரோடு உடற்பயிற்சியை இணைக்கும் 'யிஜின் ஜிங்' நூல் 1624இல் எழுந்தது என்று ஷாவொலின் வரலாற்றை ஆராய்ந்த மெயிர் ஷஹார் காட்டியுள்ளார். இடைவெளி ஆயிரம் ஆண்டுக்கும் மேல். சீன ஆய்வாளர் தாங் ஹாவ் இக்கதையை 1930களிலேயே மறுத்துவிட்டார்.

இதில் ஒகினாவா ஆசான்களின் பங்கு கவனிக்கத்தக்கது. கராத்தேயைப் பாடசாலைகளுக்குள் கொண்டுபோன இதொசு அன்கோ 1908இல் கல்வி அதிகாரிகளுக்காகப் பத்து அம்சங்கள் கொண்ட ஒரு கடிதம் எழுதினார். அதன் தொடக்கத்திலேயே, இக்கலை பௌத்தத்திலிருந்தோ கன்பூசியத்திலிருந்தோ வந்ததன்று என்கிறார். சீனாவிலிருந்து வந்த இரு வழிகளை மட்டும் குறிக்கிறார். ஆக, இன்று பயிற்சிக்கூடச் சுவரில் படமாகத் தொங்கும் மூத்த தலைமுறையே சொல்லாத ஒன்றை, அதற்குப் பின் வந்தவர்கள் அதன் பெயரால் சொல்லிவருகிறார்கள். பழைய ஆசான்களின் பேச்சு பிழைபட்டது என்பதைவிட, அது சரிவரக் கேட்கப்படவில்லை என்பதே இங்கு பொருந்தும்.

இரண்டாவது கதை நிராயுதக் குடியானவர் பற்றியது. 1609இல் ஜப்பானின் சத்சுமா படை, ஒகினாவாவை ஆண்ட ரியூக்யூ இராச்சியத்தைப் பிடித்தது, ஆயுதங்களைப் பறித்தது, அதனால் உழவர்கள் வெறுங்கையையும் பண்ணைக் கருவிகளையும் ஆயுதமாக்கினர் என்பார்கள். ஒடுக்கப்பட்டவரின் கலை என்பதால் நெஞ்சைத் தொடும் கதை. ஆனால் நமக்குப் பெயர் தெரிந்த பழைய ஆசான்கள் யார்? மத்சுமுரா சோகொன் அரச சேவகத்தில் இருந்தவர். இதொசு அரச எழுத்தராகப் பணிபுரிந்தவர். மொதொபு சோகி அரச குலக் கிளை ஒன்றின் மகன். புனாகோஷியும் பிரபு வகுப்பினர். கராத்தே முதன்மையாக ஷுரியிலும் நஹாவிலும் வாழ்ந்த மேல்தட்டினரின் கையில் இருந்தது.

சத்சுமாவுக்கு முன்பே ஆயுதம் பறிக்கப்பட்டதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் 1509ஆம் ஆண்டு ஷுரிக் கல்வெட்டை, வாளும் வில்லும் நாட்டுப் பாதுகாப்புக்காகச் சேமிக்கப்பட்டதைச் சொல்வதாகப் பின்னாளைய ஆய்வாளர்கள் படிக்கின்றனர். ஆயுதமே அறியாத தீவு என்ற படிமத்துக்கு ஐரோப்பியரும் உரமிட்டனர். 1816இல் அங்கு போன ஆங்கிலேயக் கப்பல் தலைவர் பசில் ஹோல், மறு ஆண்டு சென்ற் ஹெலினா தீவில் நெப்போலியனைச் சந்தித்தபோது இதைச் சொல்ல, நெப்போலியன் நம்ப மறுத்தாராம். 1818 ஊவாக் கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேயர் அங்கம்பொற என்ற சிங்களத் தற்காப்புக் கலையைத் தடைசெய்தனர், அது இரகசியமாகப் பிழைத்தது என்று நம் நாட்டில் வழங்கும் கதையும் இதே வார்ப்புத்தான். தடை, இரகசியம், மீட்சி என்ற இந்த மூன்று படிகளும் எங்கு வந்தாலும் ஆய்வாளர் நின்று யோசிக்க வேண்டும்.

3. 1762: கரையொதுங்கிய கப்பல்

ஒகினாவாச் சண்டைக் கலை பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று ஓர் உரையாடலின் பதிவாக இருப்பது இக்கட்டுரைக்கு முக்கியமானது. 1762இல் சத்சுமாவுக்குப் புறப்பட்ட ரியூக்யூக் கப்பல் ஒன்று புயலில் சிக்கி, ஜப்பானின் தொசா நாட்டில் ஓஷிமா என்ற இடத்தில் ஒதுங்கியது. தொசாவைச் சேர்ந்த அறிஞர் தொபெ யொஷிஹிரோ அக்கப்பலில் வந்த ஷியோஹிரா என்ற ரியூக்யூ அதிகாரியிடம் அவர் நாட்டைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அதுவே 'ஓஷிமா ஹிக்கி' எனும் நூல்.

அதில் சண்டைக் கலைக்குக் கிடைத்தது சிறு பகுதிதான். சில ஆண்டுகளுக்கு முன் சீனாவிலிருந்து கொஷான்கின் என்பவர் சீடர்களோடு வந்தார். ஒரு கையை மார்பருகே வைத்துக்கொண்டு மறுகையால் செயற்படுவார். காலைக் கத்தரிக்கோல் போலப் பின்னி வீழ்த்துவார். மெலிந்த உடம்புக்காரர், தன்னைப் பிடிக்க வந்த பலசாலியைச் சாய்த்தார். இவ்வளவே செய்தி.

இதைச் சிறந்த சான்றாக்குவது எது? சொன்னவர் அண்மையில் தன் நாட்டில் நடந்ததைச் சொல்கிறார். கேட்டவருக்கு அக்கலையில் பங்கு இல்லை. அதைப் பெருமைப்படுத்தவோ சிறுமைப்படுத்தவோ தேவையும் இல்லை. பேச்சு உடனே எழுத்தாகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது கை எங்கே இருந்தது, கால் என்ன செய்தது என்று சொல்கிறது. தோற்றம், தத்துவம், இரகசியம் எதுவும் அதில் இல்லை. கொஷான்கின் பெயரை நினைவூட்டும் கூசன்கு என்ற ஒரு கத்தா, அதாவது தனி ஆட்ட வரிசை, இன்றும் கராத்தேயில் உண்டு. ஆனால் அந்தக் கத்தாவை அப்படியே இந்த மனிதரின் ஆக்கம் என்று சொல்ல 'ஓஷிமா ஹிக்கி' இடம் தரவில்லை. நல்ல சான்று தன் எல்லையையும் சேர்த்தே காட்டும்.

4. உடம்பில் எழுதியது

சஞ்சின் கத்தாவைச் சற்று அருகிருந்து பார்ப்போம். மாணவர் இரு பாதங்களையும் உட்புறம் திருப்பி, முழங்காலைச் சிறிது மடக்கி, முழங்கையை விலாவோடு ஒட்டி நிற்கிறார். மூன்று அடி முன்னே வைக்கிறார். ஒவ்வோர் அடிக்கும் மூச்சு, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு நீட்டல். ஆசான் பின்னால் வந்து தோளை அழுத்திப் பார்க்கிறார், தொடையில் அறைகிறார், வயிறு இறுகியிருக்கிறதா என்று கை வைத்துப் பார்க்கிறார். கோஜூ என்ற கராத்தே வழியில் கை முட்டியாக மூடியிருக்கும்; மூச்சு உரக்கக் கேட்கும். உவேச்சி வழியில் கை விரிந்திருக்கும்; மூச்சு குறுகி வெடிக்கும்.

இரண்டும் சீனாவின் பூசோ நகரத்தோடு தொடர்புடையவை. ஹிகாஒன்னா கன்ரியோ (1853–1915) அங்கு கற்றுவந்தார். அவர் மாணவர் மியாகி சோஜுன் கோஜூ வழியை வகுத்தார். உவேச்சி கன்புன் 1897இல் அங்கு போனார். ஹிகாஒன்னாவும் முதலில் விரித்த கையோடுதான் கற்பித்தார், பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கியபோது முட்டியாக்கினார் என்பது அவ்வழியினரின் வாய்மொழி. இதற்கு ஆதாரமான தாள் ஏதும் வேண்டுமா? தனித்து வளர்ந்த உவேச்சி வழியில் கை இன்னும் விரிந்தே இருப்பது அந்த வாய்மொழிக்குப் பக்கபலமாக நிற்கிறது. ஒருவர் சொன்னதை, அவரை அறியாத இன்னொருவரின் உடம்பு உறுதிசெய்கிறது. என் மதிப்பீட்டில், தற்காப்புக் கலை வரலாற்றில் கிடைக்கக்கூடிய உயர்ந்த சான்று இதுதான்.

1945 ஒகினாவாப் போருக்குப் பின் இவ்வகைச் சான்றை நம்புவதைத் தவிர வேறு வழியும் இருக்கவில்லை. தீவின் குடிமக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மாண்டனர். ஷுரிக் கோட்டை தரைமட்டமானது. குடும்ப ஏடுகள் எரிந்தன. மியாகி தன் முதன்மை மாணவரான ஷின்சாதோ ஜின்அனை இழந்தார். எஞ்சியவர்களின் நினைவிலிருந்தே பிந்திய வரலாறு கட்டப்பட்டது. 1922இல் கொடொகானில் புனாகோஷியோடு நின்று ஆடிக்காட்டிய கிமா ஷின்கின், புஜிவாரா ரியோசோவோடு நிகழ்த்திய நீண்ட உரையாடல் 1986இல் நூலாயிற்று. ஒகினாவா ஆசான்களை நேரில் கண்டு பேசி மார்க் பிஷப் எழுதிய ஆங்கில நூல் 1989இல் வந்தது. பிஷப்பின் நூலில் ஆசான்கள் ஒருவரையொருவர் மறுக்கிறார்கள். அந்த முரண்களை அவர் சமன்செய்துவிடாமல் விட்டதே அந்நூலின் பலம் என்பேன்.

யார் முன்னிலையில் பேசுகிறார்கள் என்பதும் பேச்சை மாற்றும். 1936 ஒக்டோபர் 25இல் நஹாவில் மியாகி, மொதொபு, க்யான், ஹனாஷிரோ, சிபானா உள்ளிட்ட ஆசான்கள் கூடிப் பேசினர். கலையின் பெயரிலிருந்த சீனக் குறியை நீக்குவது பேசுபொருளானது. அரச அலுவலர்களும் படைத்துறையினரும் அவையில் இருந்தனர். சீனாவோடு முழுப் போர் மூளச் சில மாதங்களே இருந்தன. அந்த அவையில் ஆசான்கள் காட்டிய உடன்பாட்டை அவர்களின் உள்ளக் கருத்தாக எடுத்துக்கொள்வது கடினம். அந்த நாளே 2005 முதல் ஒகினாவாவில் கராத்தே தினம்.

5. கல்முனைக் கரைக்கு வருவோம்

கிழக்குக் கரையில் வாய்மொழிக்குப் பஞ்சமில்லை. முக்குவர், திமிலர் என்ற இரு சமூகங்களுக்கிடையே நடந்த போரில் முஸ்லிம்கள் முக்குவர் பக்கம் நின்று திமிலரை விரட்டினர் என்ற கதையை மட்டக்களப்புப் பகுதி முழுவதும் கேட்கலாம், 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மிய'த்திலும் அப்போர் இடம்பெறுகிறது. வீ. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வந்தது. எஸ். எச். எம். ஜெமீல் 'கிராமத்து இதயம்' நூலில் கிழக்கு முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் திரட்டினார். அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே, தாய்வழிக் குடி முறையையும் பள்ளிவாசல் மரபுகளையும் 2008இல் விரிவான நூலாக்கினார். பாட்டுக்கும் குடிக்கும் கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கும் கிடைத்த இந்தக் கவனம் அண்ணாவியாரின் பொல்லுக்குக் கிடைக்கவில்லை. பாட்டை எழுதிக்கொள்ளலாம், காலடியை எழுதிக்கொள்வது கடினம் என்பது ஒரு காரணம். சண்டை பழகுவது படித்தவர் கவனிக்க வேண்டிய விடயமன்று என்ற எண்ணம் இன்னொரு காரணம். அது வருந்தத்தக்க காரணம்.

சீனடி சீனாவிலிருந்து வந்ததா என்ற கேள்வியோடு போகிறவர் ஒரு கதையோடு திரும்புவார். அதே அண்ணாவியாரிடம், உங்களுக்குச் சொல்லித் தந்தவர் யார், எந்த வளவில், இரவிலா பகலிலா, முதலில் பழக்கியது நிலையா பொல்லா, எத்தனை காலம் அதையே செய்தீர்கள் என்று கேட்டால் வரலாறு கிடைக்கும். புனாகோஷியின் நினைவுக் குறிப்புகளில் நெஞ்சில் நிற்பதும் அத்தகைய பகுதியே: மூன்று கத்தாக்களுக்கு மட்டும் பத்தாண்டு, அதுவும் இரவில், ஆசான் வீட்டு முற்றத்தில். கலியாண ஊர்வலத்தில் காட்டிய அடிக்கும் தனியே சொல்லிக் கொடுத்த அடிக்கும் வேறுபாடு இருந்ததா என்றும் கேட்க வேண்டும். ஒரே அண்ணாவியாரிடம் பழகிய இருவரைத் தனித்தனியே ஆடச் சொல்லிப் படம்பிடித்தால், சஞ்சினில் நடந்தது இங்கும் நடக்கும். இருவரிடமும் ஒத்து வருவது ஆசானுடையது; வேறுபடுவது அவரவர் சேர்த்தது.

கராத்தே ஆசிரியர்களிடம் கேட்க வேண்டியவை வேறு. 1973இல் வந்த புரூஸ் லீயின் 'என்ரர் த ட்ராகன்' உலகெங்கும் பிள்ளைகளைப் பயிற்சிக்கூடங்களுக்கு இழுத்தது. இக்கரையின் முதல் தலைமுறை மாணவரை இழுத்தது எது? 1985இலும் 1990இலும் தமிழ்–முஸ்லிம் உறவு இங்கே இரத்தத்தில் முறிந்தது. அந்த ஆண்டுகளில் மாலை வகுப்புகள் என்னாயின? இரு சமூகப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்ற வகுப்புகள் இருந்தனவா, எப்போது பிரிந்தன, எப்போது மீண்டும் சேர்ந்தன? இதற்கு விடை சொல்லக்கூடியவர்கள் அந்த ஆசிரியர்கள் மட்டுமே. அவர்கள் தாமே கண்டவர்கள். ஒகினாவாவில் சஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதைவிட, கல்முனையில் அது யார் பக்கத்தில் யாரை நிற்க வைத்தது என்பதை அறிவதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வணக்கம் பற்றிய கேள்வி இன்னும் நுட்பமானது. பயிற்சிக்கூடத்தின் முன்சுவரை நோக்கிக் குனியும் வழக்கம் கராத்தேயில் உண்டு. ஜப்பானியக் கூடங்கள் பலவற்றில் அச்சுவரில் ஷின்தோ மாடம் இருக்கும். அல்லாஹ்வுக்கன்றி வேறெவர்க்கும் ருகூவு, அதாவது தொழுகைக் குனிவு, இல்லை என்று வளர்ந்த பிள்ளை இங்கே என்ன செய்வது? உலகெங்கும் முஸ்லிம் ஆசிரியர்கள் இதற்கு விடை தேடியிருக்கிறார்கள். சிலர் தலையை மட்டும் அசைப்பர், சிலர் ஸலாம் சொல்லித் தொடங்குவர், சிலர் அதை வெறும் மரியாதையாகக் கொள்வர். சிலம்பத்திலேயே சலாம் வரிசை என்ற தொடக்க வணக்கம் இருப்பதால் இக்கரைக்கு இது முற்றிலும் புதிய சிக்கலுமன்று. பெண் பிள்ளைகளின் தலைமறைப்பும் அப்படியே. உலகக் கராத்தே சம்மேளனம் 2010களில் அதைப் போட்டிகளில் அனுமதித்தது. இந்த ஊர்களின் வகுப்புகளில் இவை எப்படித் தீர்க்கப்பட்டன என்பது ஒரு கலை புதிய மண்ணில் வேர்விட்ட வரலாறு. பாரம்பரியம் என்று நாம் சொல்வது இப்படித்தான் உருவாகிறது.

மரபு வேறு, விளையாட்டு வேறு என்ற வழக்கமான பிரிப்பையும் இங்கு எச்சரிக்கையோடு கையாள வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஓகஸ்டில், ஆண்கள் கத்தாவில் தங்கம் வென்ற கியுனா ரியோ ஒகினாவாவைச் சேர்ந்தவர். அவர் பயின்ற ரியூயெய் வழி, நக்கைமா குடும்பத்துக்குள் மூன்று தலைமுறை பூட்டிக்கிடந்தது. 1970களில்தான் வெளியாருக்குத் திறந்தது. அரை நூற்றாண்டில் வீட்டு முற்றத்திலிருந்து ஒலிம்பிக் மேடை. இப்பாதையில் எது விடப்பட்டது, எது சேர்க்கப்பட்டது என்பதை வழியில் நின்ற ஆசிரியர்களே சொல்ல முடியும். நம் ஊரில் பதக்கம் வாங்கிக் கொடுக்கும் ஆசிரியரிடமும் இதையே கேட்கலாம்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் எழுந்தபோது அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கரையோர வீடுகளோடு அல்பங்களும் சான்றிதழ்களும் போயின. ஒகினாவாவுக்கு 1945 செய்ததை இக்கரையின் தாள்களுக்கு அந்தக் காலைப்பொழுது செய்தது. எஞ்சியிருப்பது மூத்தவர்களின் நினைவும் உடம்பும்.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கையில் கைபேசி இல்லாத மாணவர் இல்லை. இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் பிள்ளைகளே, உங்கள் ஊர் அண்ணாவியாரிடம் போங்கள். பிறப்புக் கதையை அவர் சொன்னால் பணிவோடு கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பொல்லை அவர் கையில் கொடுத்து, தனக்கு முதல் நாள் சொல்லித் தந்ததை ஆடிக்காட்டச் சொல்லுங்கள். பாதம் தெரியப் படம்பிடியுங்கள். திகதியையும் அருகில் இருந்தவர் பெயரையும் குறியுங்கள். கராத்தே ஆசிரியர்களே, உங்கள் பழைய பதிவேடுகளையும் படங்களையும் பிரதியெடுத்து ஊர் நூலகத்தில் வையுங்கள். எண்பதைத் தாண்டிய அண்ணாவியார் இருக்கும் ஊரிலிருந்து இந்த ஆண்டே தொடங்குங்கள்.